கொல்லைச் சாத்தன் கல்

டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் ஐயா. எங்கள் ஊர் எருமைப் பால் கெட்டி, ஆறினால் ஆடை படிந்துவிடும். பேரனுக்கு மொட்டை போடுகிறார்கள் என்று என் மனைவி கண்ணம்மாள் பென்னாகரம் போயிருக்கிறாள். அதனால் டீ நான் போட்டது. சர்க்கரை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்பொருள் துறையிலிருந்து வந்த நீங்கள், காலையில் குளத்தங்கரையில் அந்த நடுகல்லைப் பார்த்துவிட்டு, இது பழைய கல் அல்ல, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் யாரோ செதுக்கியது என்று சொன்னீர்கள். எழுத்து ஒரு நூற்றாண்டு, வாசகம் இன்னொரு நூற்றாண்டு என்றும் சொன்னீர்கள். ஊர் என்ன செய்யுமோ என்று சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் காளியப்பன், "அப்படிங்களா சார். சரிங்க, வெயில் ஏறிப்போச்சு, எளநி குடிங்க," என்றார். கல்லுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைக்கூட யாரும் அணைக்கவில்லை. பத்து வருஷமாகக் கும்பிட்ட கல். புதிதாக இருந்தால் என்ன, பழையதாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள் போல.

அப்புறம் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். வேலைப்பாடு நன்றாக இருக்கிறதே, செதுக்கியது யார் என்று. எல்லோரும் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களாக ஜீப்பைத் திருப்பிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. எனக்கும் அலுத்துவிட்டது ஐயா. சொல்லிவிடுகிறேன்.

செதுக்கியவன் பெயர் உசேன். இந்த ஊர்க் கல்தச்சன். அம்மி, ஆட்டுரல், நிலைப்படி, அவர்கள் கபரஸ்தானில் செத்தவர் தலைமாட்டில் நடுகிற மீசான் கல், எல்லாம் அவன் கைதான். ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். சிறுவயதில் கல் சில்லு தெறித்து அவனுக்கு வலது இமை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. எதைச் சொன்னாலும் கண்ணடித்துக்கொண்டு சொல்வது போலவே இருக்கும். அவன் விளையாட்டாகப் பேசுகிறானா நிஜமாகப் பேசுகிறானா என்று கடைசி வரை எனக்குச் சரியாகப் பிடிபட்டதில்லை.

எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சந்தைக்கொல்லை என்று ஓர் ஊர் இருப்பது இந்த வேலையாக வரும் வரை உங்களுக்கே தெரிந்திருக்காது. அதில் தப்பில்லை. தர்மபுரியிலிருந்து மாரண்டஹள்ளி போகிற பஸ் இங்கே நிற்கும், என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும், போய்விடும். மலை இல்லை, கோட்டை இல்லை, அருவி இல்லை. ராகி விளைகிறது, தக்காளி விளைகிறது, மாட்டுச் சந்தை கூடுகிறது. நான் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். பானிபட்டில் மூன்று தடவை என்ன நடந்தது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "நம்மூர்ல என்னாங்க சார் நடந்துச்சு?" என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை, உட்கார் என்றேன்.

சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரியைத் தனி மாவட்டம் ஆக்கிய வருஷம், தமிழன்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் போட்டார்கள். ஒவ்வொரு ஊரும் தன் பழம்பெருமையை ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்றார்கள். எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. தெருத் தெருவாக அலைந்தேன். யாரைக் கேட்டாலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால், தாது வருஷப் பஞ்சத்தில் வெள்ளைக்காரன் இங்கே கஞ்சித்தொட்டி வைத்தான். மைசூர்ப் பக்கமிருந்தும் கிழக்கேயிருந்தும் எலும்பும் தோலுமாக ஜனம் வந்து வரிசையில் உட்கார்ந்தது. செத்தவர்கள் போக மிச்சப்பட்டவர்கள் திரும்பிப் போகத் தெம்பில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். அதுதான் ஊர். ஒரு தெருவில் கன்னடமும் அடுத்த தெருவில் தெலுங்கும் பேசுகிறார்களே, அதற்குக் காரணம் அதுதான். செத்தவர்களை இன்ன சாதி இன்ன மதம் என்று பார்க்காமல் குளத்தங்கரையில் குழி வெட்டிப் போட்டார்களாம். கஞ்சி ஊற்றிய கல் தொட்டிகள் இன்னும் அங்கே கிடக்கின்றன, மாடு தண்ணீர் குடிக்கிறது. அவற்றைக் குடைந்தவர்கள் உசேனின் முன்னோர்கள். அவர்கள் மட்டும்தான் பஞ்சத்துக்கு முன்னாலிருந்தே இங்கே இருந்தவர்கள்.

இதை எழுதி அனுப்ப முடியுமா, சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரன் அதியமான் பெயரை எழுதுகிறான். இன்னொருவன் திப்பு சுல்தான் குதிரை தண்ணீர் குடித்த இடம் என்று எழுதுகிறான். நாங்கள் கஞ்சிக்கு வந்தவர்கள் என்று எழுதுவதா. நான் ஒன்றும் அனுப்பவில்லை. மலர் வந்தபோது எங்கள் ஊருக்கு அதில் ஒரே ஒரு வரி இருந்தது. வியாழக்கிழமை சந்தை கூடும் என்று போட்டிருந்தார்கள். எங்கள் சந்தை செவ்வாய்க்கிழமை.

அந்த மலரை டீக்கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தார்கள். உசேன் அங்கே இருந்தான். "கஞ்சித்தொட்டியப் பத்தி எழுதியிருக்கலாம்ல குப்பு," என்றான். என் பெயர் குப்புராஜ், ஊரில் அவன் ஒருவன்தான் என்னை அப்படிக் கூப்பிடுவான். "உங்க கொள்ளுத்தாத்தன் எங்க தொட்டிகிட்டதான வந்து உளுந்தாரு. எந்திரிக்கக்கூட முடியலியாம். எங்க ஆளுங்கதான் மடியில தூக்கி வெச்சு ஊத்துனாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. காளியப்பன் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார், சிரித்ததில் அவர் கையிலிருந்த டீ என் வேட்டியில் சிந்தியது. இப்போது ஏனோ ஞாபகம் வந்தது, சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் விடுமுறை நாளெல்லாம் கொல்லைக்காடுகளில் நடந்தேன். இந்த மாவட்டத்தில் எங்கே தோண்டினாலும் நடுகல் கிடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன், ஊரைக் காத்துச் செத்த வீரன். அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் இருந்தன. துணி துவைக்கிற கல்லாகக்கூடப் போட்டிருந்தார்கள். எங்கள் எல்லைக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. ஒன்று எல்லைக்கு ஒரு வரப்பு தள்ளி அந்தப் பக்கம் நின்றது. அதன் எதிரே உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கேயும் யாரோ ஒருவன் செத்திருப்பான் அல்லவா. கல் வைத்திருப்பார்கள், அது தொலைந்திருக்கும். தொலைந்ததைத் திருப்பி வைப்பது பொய் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உசேனிடம் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"யார ஏமாத்தறதுக்குடா?"

"யாரையும் இல்ல. ஊருக்காக."

"ஊரு கேட்டுச்சா?"

"நீ செய்வியா மாட்டியா, அதச் சொல்லு."

"செய்யறன். மூஞ்சி யாராட்டம் வேணும்?" என்று சிரித்தான்.

கூலி வேண்டாம் என்றுவிட்டான். பாழடைந்த மதகிலிருந்து பழைய பலகைக் கல் ஒன்றைக் கொண்டுவந்தோம். வில்லோடு நிற்கிற வீரன், இடுப்பில் குறுங்கத்தி, காலடியில் இரண்டு மாடுகள். எழுத்தை நான் ஒரு கல்லிலிருந்தும் வாசகத்தை இன்னொரு கல்லிலிருந்தும் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் கண்டுபிடித்த தப்பு என்னுடையது, அவனுடையது அல்ல. முகம் மட்டும் அவன் இஷ்டத்துக்கு விட்டேன். வலது கண்ணிமை சற்றுத் தாழ்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் அதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். மோரும் சாணியும் பூசிக் குளத்துச் சேற்றில் புதைத்தோம். மழைக்காலம் வந்து போயிற்று.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. பஞ்ச நிவாரணத்துக்காகக் குளத்தைத் தூர் வாரினார்கள். கடப்பாரையில் கல் இடித்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சேற்றைக் கழுவச் சொல்லிவிட்டு, தடவித் தடவி, தடுமாறித் தடுமாறிப் படித்தேன். கொல்லைச் சாத்தன் தொறு மீட்டுப் பட்டான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை, நம் ஊர் மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்டவன் இவன் என்று விளக்கினேன். காளியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். நாற்றுக் கட்டு மாதிரி ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. கூட்டத்தில் உசேனும் நின்றான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தானா, அவன் கண்ணே அப்படித்தானா, தெரியவில்லை.

கல்லோடு கூட எலும்புகளும் வந்தன. நிறைய வந்தன, சின்ன எலும்புகளும் இருந்தன. அது யாருடைய எலும்பு என்று எனக்குத் தெரியும். சாத்தனோடு சேர்ந்து போரிட்டவர்கள் என்று சொன்னேன். பூப்போட்டு, ஒரே குழியில் வைத்து மூடினோம். என் வீட்டு ஆட்களுடையதும் அதில் இருந்திருக்கலாம். எப்படியும் கஞ்சிக்கு வந்து செத்தவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்காது.

ஊர் மாறியது ஐயா. நான் மிகைப்படுத்தவில்லை. வருஷா வருஷம் தை மாதம் சாத்தன் விழா. பட்டிமன்றம், மாட்டு வண்டிப் பந்தயம். மாலை போடப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்குச் சாத்தப்பன் என்று பெயர் வைத்தார்கள். பெண் கேட்டுப் போகிற இடத்தில், சாத்தன் ஊரா என்று பாய் விரித்தார்கள். காளியப்பன் பங்காளிகள் சாத்தன் தங்கள் வம்சம் என்றார்கள், இருக்கலாம் என்றேன். ஒகேனக்கல் போகிற ரோட்டில் பிறந்தவள் என்று கல்யாணமான நாளிலிருந்து பீற்றிக்கொண்டிருந்த என் மனைவிகூட, தன் தங்கையிடம் இந்த ஊர்க் கதையைச் சொல்வதை என் காதால் கேட்டேன். டீக்கடையில் யாரும் கஞ்சித்தொட்டிப் பேச்சை எடுப்பதில்லை. அந்த வருஷங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

எழுபத்திரண்டாம் வருஷம் சாத்தனுக்கு மண்டபம் கட்டுவது என்று முடிவாயிற்று. குளத்தின் கீழ்க்கரைதான் போர்க்களம் என்று நான் விழா மேடையில் பேசியிருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் அங்கேதான் வரவேண்டும் என்றார்கள். கீழ்க்கரையில் இருந்தது கல்தச்சர்களின் நாலைந்து வீடுகளும் அவர்கள் கபரஸ்தானும். கபரஸ்தான் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், வேலி இல்லாத ஒரு துண்டு நிலம். யாரிடமும் பட்டா கிடையாது. மேட்டுப் பக்கம் மாற்று இடம் தருவதாகச் சொன்னார்கள். நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள்.

உசேன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மத்தியான இடைவேளை. மைதானத்து ஓரம் நின்று பேசினோம்.

"வூட்டக் காலி பண்ணச் சொல்றாங்க குப்பு."

"வேற எடம் தர்றாங்கல்ல. இதவிட மேடான எடம், மழைத் தண்ணி நிக்காது."

"எங்கப்பன் அங்க கெடக்கறாரு. எங்கம்மா கெடக்குது. பொறந்த அன்னிக்கே போன என் பொண்ணு கெடக்குது. அவங்களயெல்லாம் மேட்டுக்கு எப்படிக் கூட்டிக்கினு போறது?"

மணி அடிக்கிற நேரமாயிற்றா என்று நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நான் செஞ்ச கல்லு என்னையவே வெளிய தள்ளுது பாரு," என்றான். "நீ சொல்லிடு குப்பு. காளியப்பண்ணன் நீ சொன்னாக் கேப்பாரு. நான் சொன்னா, எடத்துக்கு ஆசப்பட்டுச் சொல்றான்னுவாங்க."

"சொன்னா ஊரு என்னா ஆவும்னு யோசிச்சியா?"

"என்னா ஆவும். மறுபடியும் சந்தைக்கொல்ல ஆவும், அவ்ளோதான். கொஞ்ச நாளு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போவட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொட்டியப் பத்திச் சொல்லு. அது நெசம். பசிச்சு வந்தவங்களுக்கு ஊத்துன ஊருன்னு சொல்றதுல என்னா கேவலம்?" என்றான்.

மண்டபத்துக்கு அடிக்கல் நடுவதற்குள் நான் சொல்லாவிட்டால், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் தானே சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனான்.

நான் அவன் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நாலு வீட்டு நியாயத்தையும் ஓர் ஊரின் மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராக இருந்தாலும் என்ன முடிவுக்கு வருவார்கள். சாத்தப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டு என் வகுப்பில் உட்காரப்போகிற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் போய் உன் பெயர் பொய் என்று சொல்வதா. சரித்திர வாத்தியாரான நான்தான் அதைச் சொல்ல வேண்டுமா. தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. என்ன உடம்புக்கு என்று கண்ணம்மாள் கேட்டபடியே இருந்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற அலுப்பு என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன், என்ன சொல்வது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம் என்று அவனிடம் சொன்னேன். ஊருக்கு மேற்கே ஒரு பாறைக்குழி இருக்கிறது. அவன் வேலை செய்கிற இடம். சந்தை நாளில் அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நான் போனபோது, மண்டப வாசலுக்கு வைக்க வேண்டிய பெரிய நிலைக்கல்லைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தான். அந்த வேலையையும் அவனிடமே கொடுத்திருந்தார்கள். வேறு கல்தச்சன் யார் இருக்கிறான். ஒரு முனையை நெம்பித் தூக்கி, முட்டுக்கல் கொடுத்து நிறுத்திவிட்டு, அடியில் மல்லாந்து படுத்து உளி ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்தை முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பான்.

பேசிக்கொண்டிருந்தோம். கல் சரிந்தது. இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டான்.

அவன் கத்தவில்லை. மூச்சு வாங்கியபடி, "குப்பு, ஆளக் கூப்புடு," என்றான். கூப்பிடுகிறேன் என்று குழியின் மேல் விளிம்பு வரை ஏறிப் போனேன். அங்கே நின்றால் சந்தை இரைச்சல் நன்றாகக் கேட்கும். ஏலம் கூவுவது கேட்டது. ஒருவன் மாட்டுப் பல்லைப் பற்றித் தகராறு செய்துகொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்து, ஆள் அனுப்பியிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். அவன் நம்பினான்.

தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். தலைக்கு அடியில் கல் உறுத்துகிறது என்றான், எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் அவன் முகத்தில் விழாதபடி என் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை மரத்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் எங்களை ஒரே பிரம்பால் அடித்த வாத்தியாரைப் பற்றி ஏதோ சொன்னான். அவன் மனைவி ஜான் பீக்குச் சொல்லி அனுப்பினாயா என்று கேட்டான், ஆச்சு என்றேன். கண்ணை மூடுவதற்கு முன்னால், "அடிக்கல் அன்னிக்கு நான் வர முடியாதாட்டம் இருக்குது. நீயே சொல்லிடு," என்றான். சொல்கிறேன் என்றேன். அவனைத் தனியாக விட்டுவிட்டு நான் போகவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். கடைசி வரை கூட இருந்தேன்.

பிறகு சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பொழுது சாய்ந்து அவன் வராததால் ஜான் பீ தேடிப் போயிருக்கிறாள். கல் வேலையில் இது நடக்கிறதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். போலீசும் அப்படித்தான் எழுதிக்கொண்டது.

அடிக்கல் நாட்டு விழாவில் நான் பேசினேன். சாத்தன் மண்டபத்துக்காக உயிரைக் கொடுத்தவன் உசேன், சாதி மதம் கடந்து அவனும் ஒரு வீரன் என்றேன். பெண்கள் அழுதார்கள். கீழ்க்கரைக் குடும்பங்களுக்கு அப்புறம் எதிர்த்துப் பேச வாய் இல்லை, பேசாமல் மேட்டுக்குப் போய்விட்டார்கள். இடத்துத் தகராறு அதோடு முடிந்தது. கபரஸ்தானை யாரும் தோண்டவில்லை. மேலே மண் கொட்டிச் சமன் செய்தோம். உசேனும் அதற்குள்தான் இருக்கிறான், மண்டபத்துத் தென்மூலையில். நீங்கள் காலையில் இளநீர் குடித்தபோது நாற்காலி போட்டிருந்த இடம்.

ஜான் பீ மேட்டுக்குப் போகவில்லை. அரூரில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன்னால் வாசலில் வந்து நின்றாள். மீசான் கல்லுக்குப் பெயர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். அப்போது மண் கொட்டவில்லை. எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள்.

"வாத்தியாரண்ணா, அவரு தனியா கல்லுக்கடியில படுக்கவே மாட்டாருங்க. அன்னிக்கு ஆளு வருது, பேசணும்னு சொல்லிட்டுத்தான் போனாரு. யாரு வந்தாங்கன்னுதான் தெரியலிங்க."

"சந்தை நாளும்மா. யாரு வந்திருக்கப் போறாங்க."

என் முகத்தையே பார்த்தாள். "ஆமாங்க. சந்தை நாளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. நல்ல பெண். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசத் தெரியாது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை கல் சரிந்தது என்று சொன்னேன். நீங்கள் கல்லோடு பழகியவர், முட்டுக்கொடுத்த கல் தானாகச் சரியாது என்று உங்களுக்குத் தெரியும். முட்டுக்கல்லை நான்தான் தள்ளினேன், என் வலது காலால். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. குழிக்குள் இறங்கும்போது அப்படிச் செய்வேன் என்று நினைத்துப் போனேனா என்றால், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சந்தை நாளாகப் பார்த்து நான்தான் வருகிறேன் என்றேன், அது உண்மை. அந்த நேரம் அவன் கல்லுக்கடியிலிருந்து சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான். உங்க கொள்ளுத்தாத்தன் கதையிலிருந்தே ஆரம்பிச்சுச் சொல்லு குப்பு, எல்லாருக்கும் சட்டுன்னு புரிஞ்சுடும் என்றான். ஆனால் அவன் என்ன சொன்னான் என்பது இதில் முக்கியமில்லை. நான் ஊரைத்தான் நினைத்தேன்.

நீங்கள் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள். நான் எங்கும் போகப் போவதில்லை. வேட்டி மாற்றிக்கொள்ள மட்டும் நேரம் கொடுத்தால் போதும். இன்று காலை காளியப்பன் உங்களை இளநீர் குடிக்கச் சொன்னாரே, அந்த நேரத்திலிருந்து எனக்கு எதிலும் பிடிப்பில்லை. அவ்வளவு லேசாக விட்டுவிடுவார்கள் என்று தெரிந்திருந்தால் நான் இத்தனை பாடுபட்டிருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கையில் கல்லைச் செதுக்கியவன் என்று உசேன் பெயரைப் போட வேண்டாம். கள்ளக் கல் செய்தவன் என்று நாலு பேர் பேசுவார்கள், அரூரில் இருக்கிற அந்தப் பெண்ணின் காதுக்கும் அது போகும். என் சிநேகிதன் ஐயா அவன். அவன் பெயருக்கு ஒரு களங்கம் வர நான் விட மாட்டேன்.